எலி மருந்தும் வாக்கிங் போகும் நாயும்: கயிறா, பயிற்சியா, வாய்க்கூடையா?

என் நாய் மணி எதையோ விழுங்கியதை நான் பார்க்கவில்லை, காதில்தான் விழுந்தது. புதர் ஓரத்தில் 'கறுக்' என்று ஒரு சத்தம். குனிந்து வாயைத் திறப்பதற்குள் தொண்டை ஏறி இறங்கிவிட்டது. பல்லிடுக்கில் பச்சையாக, மெழுகு மாதிரி ஒரு துணுக்கு மட்டும் மிச்சம். டாக்டர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார், பிழைத்துக்கொண்டான். அதற்கப்புறம் கயிறு, பயிற்சி, நாயின் வாயில் மாட்டும் கூடை என்று மூன்று வழிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன்.

முதலில் எதிரி யார் என்று பார்த்துவிடலாம். எலி மருந்து என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல. புரோமாடியோலோன், புரோடிஃபாகம் போன்றவை உடலில் வைட்டமின் கே வேலை செய்யவிடாமல் தடுத்து, இரத்தம் உறையாமல் செய்துவிடும். ஏற்கெனவே இரத்தத்தில் இருக்கும் உறைவுக் காரணிகள் (இரத்தத்தை உறைய வைக்கும் பொருட்கள்) தீரும்வரை நாய் வாலாட்டிக்கொண்டு திரியும். மூன்று, நான்கு நாள் கழித்துத்தான் சோர்வு, மூச்சிரைப்பு, வெளுத்த ஈறு எல்லாம் தெரியும். இந்த வகைக்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்தாவது இருக்கிறது. நரம்பைத் தாக்கும் புரோமெத்தலினுக்கு அதுவும் கிடையாது. சிங்க் பாஸ்பைடு வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பின் என்ற நச்சு வாயுவாகும். சில மணி நேரத்தில் வேலையைக் காட்டிவிடும். தோட்டத்தில் நத்தைக்குப் போடும் மெட்டால்டிஹைடு இன்னும் அவசரக்காரன்: நடுக்கம், வலிப்பு, கொதிக்கும் உடம்பு. நிறத்தை வைத்து இது இன்னது என்று சொல்ல முடியாது. பச்சையோ நீலமோ, அது தயாரித்தவர் கலந்த சாயம், அவ்வளவுதான்.

சரி, கயிற்றிலிருந்து தொடங்குவோம். மூன்றில் இதுதான் எளிது, இன்றைக்கே செய்யலாம். இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிற்றை ஓரம் வைத்துவிட்டு, ஒன்றரை மீட்டர் சாதாரணக் கயிற்றுக்கு மாறினாலே பாதி ஆபத்து கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் வந்துவிடும். எலி சுவரை ஒட்டித்தான் ஓடும்; அதனால் மருந்தும் சுவரடி, சாக்கடை ஓரம், குப்பைத் தொட்டியின் பின்பக்கம், புதரடி என்றுதான் இருக்கும். எனவே சுவருக்கும் நாய்க்கும் நடுவில் நாம் நடக்க வேண்டும். ஆனால் வண்டி ஓடும் தெருவில் நாய் எந்தப் பக்கம்? சுவர்ப் பக்கம் விஷம், ரோட்டுப் பக்கம் சக்கரம். அதனால் கயிறு மட்டும் போதும் என்றால் பாதையையும் மாற்றியாக வேண்டும். இன்னொரு நஷ்டம், மோப்பம் பிடிப்பதுதான் நாய்க்கு வாக்கிங்கே. அதைத் தடுத்து இழுத்துக்கொண்டே போனால் வீடு திரும்பியதும் சோபாவுக்குத்தான் கேடு.

பயிற்சி என்றால் இரண்டு கட்டளைகள்: எடுப்பதற்கு முன் 'விடு', எடுத்த பின் 'துப்பு'. மூடிய கைக்குள் தின்பண்டத்தை வைத்து நீட்டுங்கள். நாய் நக்கும், பிறாண்டும். சலித்துப்போய் மூக்கை எடுக்கும் அந்த நொடியில் மறு கையிலிருந்து அதைவிட ருசியான ஒன்றைக் கொடுக்க வேண்டும். விடச் சொன்ன பொருளை மட்டும் கடைசிவரை கொடுக்கவே கூடாது. அப்புறம் தரையில் காலடியில், அப்புறம் தெருவில் நாமே முன்கூட்டி போட்டு வைத்த துண்டுகள் என்று மெதுவாக நகர வேண்டும். மாதக்கணக்கு ஆகும். நான் செய்த தப்பு, ஆரம்பத்தில் 'ஏய்!' என்று கத்திக்கொண்டு பாய்ந்தது. மணி அதிலிருந்து கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: சீக்கிரம் விழுங்கு. பயிற்சியில் எனக்கு இருக்கும் பெரிய குறை, அது என் கண்ணை நம்பி இருக்கிறது என்பதுதான். நான் பார்த்தால்தானே 'விடு' என்பேன்? இருட்டில், செல்போன் அடிக்கும்போது, எதிரே யாராவது நின்று பேசும்போது, எல்லாம் போச்சு.

நாம் பார்க்காதபோதும் காப்பது வாய்க்கூடைதான். கூடை என்றே சொல்கிறேன். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டையை வாக்கிங்குக்குப் போடவே கூடாது. நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. வாய் திறக்காவிட்டால் வெப்பத்தில் சுருண்டு விழும். கூடைக்குள் வாயை முழுக்கத் திறக்கவும், தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும், மூக்கு நுனி இடிக்கக் கூடாது. முதல் நாளே மாட்டி வாரை இறுக்கினேன். மணி முன்காலால் பிறாண்டிப் பிறாண்டி மூக்கில் ரத்தம் வரவழைத்துக்கொண்டான். பிறகு கூடையின் அடியில் தின்பண்டத்தைத் தடவி, அவனாக மூக்கை நுழைக்கும்வரை இரண்டு வாரம் காத்திருந்தேன். கடிக்கிற நாய் போல என்று தெருவில் ஒதுங்கிப் போகிறார்கள். எனக்கு அதுவும் வசதிதான்.

கூடையிலும் ஓட்டை உண்டு, சொல்லப்போனால் ஓட்டையால்தான் கூடை. மெழுகுக் கட்டி உள்ளே போகாது. தானியமும் சின்னக் குருணையும் போகும். பசை மாதிரி இருப்பதை அழுத்தி நக்கிவிடலாம். முன்பக்கம் தடுப்பு வைத்த கூடை ஓரளவு சமாளிக்கும்.

சிலர் 'மருந்து எலி மட்டும் நுழையும் பெட்டிக்குள்தான் இருக்கிறது' என்று ஆறுதல் சொல்வார்கள். எலி கட்டியை வெளியே இழுத்துப்போட்டுவிட்டுப் போகும். பலசாலி நாய் பெட்டியையே கடித்து உடைக்கும். விழுங்காமல் இருக்கக் கசப்புச் சேர்க்கிறார்கள் என்பதும் அப்படித்தான். மெல்லாமல் விழுங்கும் நாய்க்கு நாக்கு எதற்கு? அந்தப் பெட்டியால் எனக்கு உள்ள ஒரே பயன், வைத்தவரிடம் மருந்தின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ள முடிவது.

என் தேர்வு நாயைப் பொறுத்தது. முகர்ந்து, யோசித்து, மெதுவாக எடுக்கும் நாய்க்குக் குட்டைக் கயிறும் பயிற்சியும் போதும். கூடையைத் திணிக்க வேண்டாம். மணி மாதிரி கண்டதை விழுங்குகிற ஜாதி என்றால் முதல் நாளிலிருந்தே கூடைக்குப் பழக்குங்கள், பயிற்சி பக்கத்தில் நடக்கட்டும். இரவு நடைக்குக் கூடையோடு டார்ச்சும் வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் விழுங்கிவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைத்துப் பலன் கிடைப்பது பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள்தான். அதையும் டாக்டர் செய்ய வேண்டும். உப்புத் தண்ணீர் கொடுப்பது தனி விஷம். மிச்சத் துணுக்கு, பாக்கெட், பெட்டி மேல் உள்ள பெயர், எது கிடைத்தாலும் போட்டோ எடுத்துக்கொண்டு ஓடுங்கள். சிங்க் பாஸ்பைடாக இருக்கலாம் என்றால் வழியில் எதையும் ஊட்ட வேண்டாம். வண்டிக்குள் வாந்தி எடுத்தால் கிளம்பும் வாயு உங்களையும் தாக்கும், ஜன்னல்களைத் திறந்தே வையுங்கள். வைட்டமின் கே1 எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் மூன்று, நான்கு வாரம் ஓடும். கடைசி மாத்திரைக்கு 48 முதல் 72 மணி நேரம் கழித்து இரத்தம் உறையும் நேரத்தைப் பரிசோதிக்கச் சொல்வார்கள். அதற்குள் நாய் துள்ளிக் குதித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.