எஸ்.ஏ.டி. மாறிவிட்டது, டியூசன் மாறியதா? கோலாலம்பூர்ப் பெற்றோருக்கு நான்கு வழிகளின் ஒப்பீடு

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இருவரும் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வை எழுதியவர்கள். மகன் 2019-இல் எழுதினான். பென்சிலும் விடைத்தாளுமாக மூன்று மணி நேரம், 154 கேள்விகள். மகள் 2024-இல் எழுதினாள். மடிக்கணினியில் 2 மணி 14 நிமிடம், 98 கேள்விகள். பெயர் ஒன்றுதான், தேர்வு வேறு. மகனுக்குச் செலவழித்த பணத்தில் பாதிகூட மகளுக்கு ஆகவில்லை. ஆனால் புள்ளி மகளுக்குத்தான் கூடுதல். அவள் அண்ணனைவிடக் கெட்டிக்காரி என்பதல்ல காரணம். அவளுக்கு உதவியை வேறு மாதிரி தேடினோம்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியில் இப்போது மூன்று குடும்பங்கள் இதே யோசனையில் இருக்கின்றன. லிஃப்டில் பார்த்தாலும் "அக்கா, எந்த டியூசன்ல போடறது?" என்றுதான் கேட்கிறார்கள். அவர்களிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதலில் எந்தக் கல்லூரி என்று முடிவு செய்யுங்கள். ஏ-லெவல் அல்லது எஸ்.டி.பி.எம். முடித்து பிரிட்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் எஸ்.ஏ.டி. தேவைப்படாது. அமெரிக்காவிலும் எல்லாரும் கேட்பதில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் சேர்க்கைக்கு இந்தப் புள்ளியைப் பார்ப்பதே இல்லை. கோவிட் காலத்தில் தேர்வைத் தளர்த்திய பெரிய கல்லூரிகள் சில மறுபடி கேட்கத் தொடங்கிவிட்டன. எம்.ஐ.டி. 2022-இல் அறிவித்தது, டார்ட்மவுத், யேல், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் எல்லாம் 2024-இல் அறிவித்தன. யேல் இதற்குப் பதிலாக ஏ.பி., ஐ.பி. என்ற பாடவாரித் தேர்வுகளின் புள்ளிகளையும் ஏற்கிறது. நம்மைப் போன்ற சம்பளக்காரக் குடும்பங்களுக்கு இந்தப் பட்டியல் முக்கியம். ஹார்வர்ட், யேல், எம்.ஐ.டி., டார்ட்மவுத் ஆகியவை வெளிநாட்டு மாணவருக்கும் குடும்ப வருமானத்தைப் பார்த்து முழுத் தேவைக்கும் உதவித்தொகை தருபவை. உங்கள் பிள்ளையின் பட்டியலில் எஸ்.ஏ.டி. கேட்கும் கல்லூரி ஒன்றுகூட இல்லை என்றால், டியூசன் பணத்தை அப்படியே சேமித்து வையுங்கள்.

இந்தத் தேர்வு மாறுவது புதிதல்ல. 2005-இல் மொத்தப் புள்ளி 2400 ஆனது, 2016-இல் மறுபடி 1600-க்கு வந்தது, 2021-இல் கட்டுரையும் தனிப்பாடத் தேர்வுகளும் போயின. ஆனால் 2023 மார்ச்சில் அமெரிக்காவுக்கு வெளியிலும், ஓராண்டு கழித்து அமெரிக்காவிலும் வந்த கணினி வடிவம் அவற்றையெல்லாம் விடப் பெரிய மாற்றம். ஆங்கிலம், கணிதம் என இரண்டு பகுதி. ஒவ்வொன்றும் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் பிள்ளை எப்படிச் செய்கிறதோ அதை வைத்து இரண்டாம் கட்டம் கடினமானதாகவோ எளிதானதாகவோ வரும். எளிதான கட்டம் வந்துவிட்டால் அதை முழுக்கச் சரியாகச் செய்தாலும் உச்சப் புள்ளியைத் தொட முடியாது. அதனால் முதல் கட்டத்தில் கவனக்குறைவாக விடும் கேள்விக்கு விலை அதிகம். "வேகமாக முடி, கடைசியில் திரும்பிப் பார்" என்று மகனுக்குச் சொல்லிக் கொடுத்தது மகளுக்கு உதவாமல் போனது இதனால்தான்.

இனி வழிகளைப் பார்ப்போம்.

மகன் போனது பங்சார் பக்கம் ஒரு டியூசன் சென்டருக்கு. சனிக்கிழமை காலை, 14 பிள்ளைகள், ஒரு வெள்ளைப் பலகை, கட்டுக்கட்டாக நகல் தாள்கள். ஆசிரியர் நல்லவர், நேரம் தவறாதவர். ஆனால் என் மகன் ஏற்கெனவே கூடுதல் கணிதத்தில் படித்து முடித்த இருபடிச் சமன்பாட்டை அங்கே நான்கு வாரம் மறுபடி கேட்டான். அவன் திணறிய ஆங்கில வாசிப்புக்கு ஒரே வாரம்தான். 14 பேருக்குப் பொதுவாகப் பாடம் நடத்தினால் இப்படித்தான் ஆகும், அதில் ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. என் மனக்குறை வேறு. தேர்வு மாறி ஓராண்டு ஆன பிறகும் அதே இடத்திலிருந்து பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுவந்த தாளில், முக்கால் பக்க உரைப்பகுதியும் அதன் கீழே 11 கேள்விகளும் இருந்தன. அது பழைய வடிவம். புதிய தேர்வில் 25 முதல் 150 சொற்களுக்குள் ஒரு சின்னப் பத்தி, அதற்கு ஒரே கேள்வி, அடுத்தது வேறு பத்தி. "முதலில் கேள்வியைப் படி, பிறகு உரையில் தேடு" என்ற பழைய உத்திக்கு அங்கே வேலையே இல்லை. அந்தப் பெண் மூன்று மாதம் தவறான தேர்வுக்குத் தயாரானாள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

சென்டரில் சேர்ப்பதென்றால் பணம் கட்டும் முன் அவர்களுடைய தாள்களைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஆசிரியர் தேர்வுச் செயலியான புளூபுக்கில் தாமே உட்கார்ந்து ஒரு முழுத் தேர்வு எழுதியிருக்கிறாரா என்று கேளுங்கள். 200 புள்ளி ஏற்றித் தருகிறோம் என்று உத்தரவாதம் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். டெரெக் பிரிக்ஸ் என்ற ஆய்வாளர், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர்களின் சங்கத்துக்காக 2009-இல் எழுதிய அறிக்கையில், பயிற்சி வகுப்புகளால் மட்டுமே கூடுவது சராசரியாக மொத்தம் 30 புள்ளி அளவுதான் என்று சொன்னார். அது பழைய தேர்வைப் பற்றியது. ஆனாலும் விளம்பரப் பலகைக்கும் ஆய்வுக்கும் உள்ள தூரம் தெரிகிறதல்லவா? சென்டரால் கிடைக்கும் உண்மையான நன்மை ஒழுங்கு. வீட்டில் தனியாக உட்காரவே மாட்டேன் என்கிற பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

இரண்டாவது வழி, பைசா செலவில்லாதது. புளூபுக்கில் முழு மாதிரித் தேர்வுகள் இலவசம். தேர்வை நடத்தும் கல்லூரி வாரியம் (காலேஜ் போர்டு) தன் கேள்வி வங்கியையும் திறந்து வைத்திருக்கிறது. பிரிவு, கடினம் பார்த்துக் கேள்விகளைப் பொறுக்கி எடுக்கலாம். கான் அகாடமி என்ற இணையக் கல்வித் தளம் 2015 முதல் வாரியத்தோடு சேர்ந்து இலவசப் பயிற்சி தருகிறது. மகள் முதல் ஆறு வாரம் இவற்றை மட்டுமே பயன்படுத்தினாள். ஒரு பழைய கணக்கு நோட்டில் நான்கு கட்டம் போட்டாள்: கேள்வி, நான் போட்ட விடை, சரியான விடை, ஏன் தவறினேன். கணிதப் பக்கங்களில் நான்காம் கட்டம் தெளிவாக நிறைந்தது. "கழித்தல் குறியை விட்டேன்", "கேட்டது விட்டம், எழுதியது ஆரம்" என்றெல்லாம் எழுதியிருந்தாள். ஆங்கிலப் பக்கங்களில் பத்தில் ஏழு இடத்தில் ஒரே வரி: "தெரியல, சரியாத்தான் தோணுச்சு."

சொந்த முயற்சி அங்கேதான் முட்டி நிற்கிறது. தவறு எங்கே என்று செயலி காட்டும். அந்தத் தவறு பிள்ளையின் மனத்தில் எப்படி வந்தது என்று காட்டாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முழு மாதிரித் தேர்வுகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருக்கின்றன. வாரத்துக்கு ஒன்று என்று எழுதித் தீர்த்துவிட்டால், கடைசி மாதத்தில் உண்மையான நிலையை அளக்க எதுவும் மிஞ்சாது.

அந்த "தெரியல" வரிகளுக்காகத்தான் தனி ஆசிரியரைத் தேடினோம். கிடைத்தவர் ஈப்போக்காரர், அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பி இங்கே வேலை பார்க்கும் பெண். மகள் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். முதல் நாள் அவர் எதுவும் நடத்தவில்லை. நோட்டை வாங்கி அரை மணி நேரம் புரட்டினார். பிறகு, "நீ எந்தத் தமிழ்ப்பள்ளி?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். "நம்ம தமிழ்லயும் மலாய்லயும் ரெண்டு முழு வாக்கியத்த ஒரு காற்புள்ளியால ஒட்டிடலாம். காதுக்கு நல்லாவே இருக்கும். இங்கிலீஷ்ல அது தப்பு. அரைப்புள்ளி வேணும், இல்ல முற்றுப்புள்ளி வேணும். இவ காதால எழுதறா, இவ்வளவுதான் பிரச்சினை." அந்த ஒரு விதியை இரண்டு மணி நேரத்தில் பிடித்துவிட்டாள். ஆங்கிலத் தவறுகளில் பாதி அந்த வாரத்தோடு போனது. 14 பேர் உள்ள அறையில் யார் இதைக் கண்டுபிடித்திருப்பார்கள்?

கணிதத்தில் இன்னொன்று நடந்தது. ஒய் = எக்ஸ்² − 4எக்ஸ் + 7 என்ற வளைகோட்டை ஒய் = 2எக்ஸ் + சி என்ற நேர்கோடு ஒரே இடத்தில் தொட வேண்டும், சி எவ்வளவு? பக்கத்தில் இருந்த அண்ணன் எஸ்.பி.எம். பழக்கத்தில் பி² − 4ஏசி போட்டு, தாளில் ஆறு வரி எழுதி, −2 என்றான். அக்கா, தேர்வுச் செயலிக்குள்ளேயே இருக்கும் டெஸ்மாஸ் வரைபடக் கணிப்பானைத் திறக்கச் சொன்னார். இரண்டு சமன்பாடுகளையும் தட்டச்சு செய்து, சி-க்கு வந்த ஸ்லைடரை மகள் மெல்ல நகர்த்தினாள். கோடு கீழே இறங்கி இறங்கி, சரியாக −2-இல் வளைகோட்டை (3, 4) என்ற இடத்தில் தொட்டு நின்றது. அண்ணன் எழுதிய தேர்வில் 20 கேள்விகளுக்குக் கணிப்பானைத் தொடவே கூடாது. இப்போது முழுக் கணிதப் பகுதிக்கும் உண்டு. அதற்காகக் கை வழியை விட்டுவிடச் சொல்லவில்லை அக்கா. இரண்டையும் செய்ய வைத்து, எதற்கு எது வேகம் என்று மகளையே நேரம் குறிக்க வைத்தார். கணிதத்தில் ஒரு கேள்விக்குச் சராசரி 95 விநாடி, ஆங்கிலத்தில் 71.

சொல் பிரச்சினையும் அவர் கண்ணில்தான் பட்டது. நம் நாட்டில் கணிதமும் அறிவியலும் 2003-இல் ஆங்கிலத்துக்குப் போய், 2012 முதல் படிப்படியாகத் திரும்பி, 2016-இல் சில பள்ளிகளில் இருமொழித் திட்டமாக மறுபடி வந்தன. ஒரே குடும்பத்துப் பிள்ளைகளே வேறு வேறு மொழியில் கணிதம் படித்திருப்பார்கள். மகளுக்குக் கோட்டின் சாய்வு என்றால் 'கெசெருனான்'. ஆங்கிலத்தில் படித்த அவள் தோழிக்கு 'கிரேடியன்ட்'. எஸ்.ஏ.டி. கேட்பதோ 'ஸ்லோப்'. கணக்கு தெரிந்தும் கேள்வி புரியாமல் விட்ட இடங்கள் ஐந்தாறு இருந்தன. ஒரு பக்கச் சொற்பட்டியலில் அது தீர்ந்தது.

தனி ஆசிரியரின் குறை, விலை. மணிக்கணக்கில் வாங்குவார்கள், வாரம் இரண்டு வகுப்பு, ஆறு மாதம் என்று போட்டால் சென்டரைவிடப் பல மடங்கு ஆகிவிடும். நாங்கள் மொத்தம் ஒன்பது வகுப்புதான் வைத்தோம். முதல் வகுப்பிலேயே பாடம் தொடங்குகிறவரைவிட, நோட்டைக் கேட்கிறவரைத் தேடுங்கள்.

நான்காவது வழி இணையவழி ஆசிரியர், ஆனால் அதைப் பெரிதாக வேறுபட்ட வகையாக நான் நினைக்கவில்லை. தனி ஆசிரியரே திரை வழியாக வருகிறார், அவ்வளவுதான். தேர்வே திரையில் நடப்பதால் இது பொருந்தவும் செய்யும். இந்தியாவில் இருப்பவர் என்றால் நமக்கு இரண்டரை மணி நேரம்தான் பின்னால், மாலை வகுப்பு வசதி. அமெரிக்கக் கிழக்குக் கரை என்றால் 12 அல்லது 13 மணி நேர வித்தியாசம். பள்ளி நாளில் இரவு ஒன்பதுக்கு மேல் உட்கார வைத்தால் பிள்ளை பாதித் தூக்கத்தில் இருக்கும்.

ஆக, எங்கள் அனுபவத்தில் முதலிடம் தனி ஆசிரியருக்கும் இல்லை, சென்டருக்கும் இல்லை. ஆறு வாரச் சொந்த முயற்சி, அதன் பிறகு ஒன்பது தனி வகுப்பு என்ற வரிசைக்குத்தான். நோட்டு இல்லாமல் ஆசிரியரிடம் போயிருந்தால் முதல் நான்கு வகுப்பு தவறுகளைத் தேடுவதிலேயே போயிருக்கும். இந்த நான்கில் எதனாலும் எட்டு வாரத்தில் முடியாதது ஒன்று உண்டு, அது ஆங்கில வாசிப்பு. அறிவியல் பத்தி, பழைய கவிதை வரிகள், வரலாற்றுக் குறிப்பு என்று மாறி மாறி வருவதைத் தடுமாறாமல் படிக்க, தினமும் அரை மணி நேரம் வீதம் ஓராண்டாவது வேண்டும். அது நான்காம் படிவத்திலேயே தொடங்க வேண்டிய வேலை.

மடிக்கணினியையும் முன்கூட்டியே பாருங்கள். கைப்பேசியில் புளூபுக் தேர்வு எழுத முடியாது. பள்ளி நிர்வகிக்கும் குரோம்புக் செல்லும், வீட்டில் சொந்தமாக வாங்கியது செல்லாது. நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் குரோம்புக் வாங்கிய வீடுகள் நிறைய; பதிவு செய்யும் முன்னே வேறு கணினிக்கு வழி பார்த்துவிடுங்கள்.

பினாங்கில் என் நாத்தனார் மகன் இப்போது நான்காம் படிவம். போன வாரம் அவள் போன் செய்து, ஜார்ஜ்டவுனில் ஒரு சென்டர் தள்ளுபடி தருவதாகவும் மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்றும் சொன்னாள். "அண்ணி, கட்டிடவா?" என்றாள். இந்தப் பள்ளி விடுமுறையில் அவனைப் புளூபுக்கில் ஒரே ஒரு தேர்வு எழுத வை, தவறுகளை நோட்டில் எழுதச் சொல், அதைப் படம் பிடித்து அனுப்பு என்றேன். நேற்று இரவு 11 பக்கம் வந்திருக்கிறது. ஆங்கிலத்தை இன்னும் பார்க்கவில்லை. கணிதத்தில் வடிவியலைத் தவிர மற்றதெல்லாம் நன்றாகவே செய்திருக்கிறான்.