ஓவரால் செய்ததாகக் கணக்குக் காட்டிய இஞ்சின்: பழைய டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய சுபாரு இம்ப்ரெஸா வைத்துக்கொண்டு நல்ல பட்டறை தேடுபவர்கள், இஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எனக்கு 14,500 ரிங்கிட் போயிற்று. அதைக் காட்டிலும் வருத்தம் தருவது, இத்தனை ஆண்டுகள் ஒரு கீறல் இல்லாமல் உழைத்த கிராங்க், அதாவது பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு, இரண்டே மாதத்தில் பாழானதுதான். புகார் விசாரணையில் இருப்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை.

கார் 1999ஆம் ஆண்டு ஜப்பானில் செய்யப்பட்ட டபிள்யூஆர்எக்ஸ். இஜே20 என்ற 1,994 சிசி பாக்ஸர் இஞ்சின் (சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும் வகை), டர்போ, நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் விசை செல்லும் அமைப்பு. காலையில் முதல் முறை முடுக்கும்போது அடியில் மெல்லிய தட்டல் ஓசையும், பின்னால் நீலப் புகையும் வரத் தொடங்கியிருந்தன. பட்டறைக்காரர் முதலில் ஹாஃப்-கட் இஞ்சின், அதாவது வெட்டி இறக்குமதி செய்த பழைய காரிலிருந்து எடுத்தது, போட்டுவிடலாம் என்றார். அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எப்படி ஓட்டப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. இஞ்சின் எண் மாறினால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதியவும் வேண்டும். அதனால் காரோடு பிறந்த இஞ்சினையே முழுமையாகப் பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றி ஓவரால் செய்யச் சொன்னேன். பிஸ்டன் ரிங், கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங், பிஸ்டன் தண்டு கிராங்கோடு சேரும் இடத்தில் இருக்கும் பிக்-எண்ட் பேரிங், சிலிண்டர்களை மூடும் ஹெட்டுகளுக்கான இரண்டு கேஸ்கெட், டைமிங் பெல்ட்டும் அதன் உருளைகளும், வாட்டர் பம்ப், டர்போ பழுதுபார்ப்பு என்று எல்லாமே ரசீதில் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தன.

ஆறு வாரங்களில் மூன்று முறை போய்ப் பார்த்தேன். மூன்று முறையும் இஞ்சின், பாகங்களைக் கடைந்து சரிசெய்யும் லேத் கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். காரை எடுக்கும் நாளில் கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டபோது, "அதையெல்லாம் பழைய இரும்புக்காரன் அள்ளிட்டுப் போய்ட்டான் அண்ணே, உங்களுக்கு எதுக்கு அந்தக் குப்பை?" என்று பதில் வந்தது. அந்த இடத்திலேயே நான் பணத்தை நிறுத்தியிருக்க வேண்டும். இஞ்சின் மேல்பக்கம் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்ததைப் பார்த்து நம்பிவிட்டேன்.

இன்னொன்றையும் அப்போது கவனிக்கத் தவறினேன். முன் டயர்கள் தேய்ந்துவிட்டன என்று சொல்லி, முன்னால் மட்டும் இரண்டு புது 205/50 ஆர்16 டயர்களை மாட்டி, அதற்குத் தனியாகப் பணம் வாங்கியிருந்தார்கள். பின் டயர்களில் 3 மில்லிமீட்டர் பட்டைதான் மிச்சம். புது டயரில் 8. இந்த 5 மில்லிமீட்டர், விட்டத்தில் 10 ஆகி, சுற்றளவில் ஏறத்தாழ 31 மில்லிமீட்டர் வேறுபாடாகிறது. நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்கு, அதாவது சுமார் 6 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபடக் கூடாது என்பது சுபாரு சொல்லும் அளவு. மீறினால், முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் நடு டிஃபரென்ஷியலில் உள்ள விஸ்கஸ் கப்ளிங் என்ற பிசுபிசுப்புத் திரவ இணைப்பு நேர்ச்சாலையிலும் ஓய்வின்றி வழுக்கிச் சூடேறி இறுகிவிடும். கார் நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது வண்டி விட்டுவிட்டு இழுத்துத் துள்ளியது இதனால்தான். நான்கு சக்கர இயக்கம் தெரிந்த எந்த ஃபோர்மேனும் (பட்டறை மெக்கானிக்கும்) இரண்டு டயர் மட்டும் விற்க மாட்டார்.

1,800 கிலோமீட்டர் ஓடிய பிறகு, காராக் நெடுஞ்சாலையின் ஏற்றம் ஒன்றில் ஆயில் விளக்கு ஒரு முறை மினுங்கி அணைந்தது. ஓரம் கட்டுவதற்குள் இரும்பை இரும்பு அடிக்கும் ஓசை தொடங்கிவிட்டது. உடனே அணைத்துவிட்டேன். இழுவை லாரியில் ஏற்றி, ரவாங்கில் சுபாரு மட்டுமே பார்க்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டுசென்றேன்.

அவர் எதையும் கழற்றும் முன் கைவிளக்கைப் பிடித்து இஞ்சினின் நடுக்கோட்டைக் காட்டினார். பாக்ஸர் இஞ்சினின் உடலான பிளாக் இரண்டு பாதிகளாக வார்க்கப்பட்டு நடுவில் சேர்க்கப்படுவது. மற்ற பல இஞ்சின்களில் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றிக் கீழிருந்தே பிக்-எண்ட் பேரிங்கை மாற்றிவிடலாம். இதில் அது நடவாது. இஞ்சினை இறக்கி, ஹெட்டுகளை எடுத்து, பிளாக்கை இரண்டாகப் பிளந்தால்தான் கை உள்ளே போகும். என் இஞ்சினில் அந்த இணைப்புக்கோட்டில் பல ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் கலையாமல் உறைந்திருந்தன. ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடமும் அப்படியே. பிளாக்கைத் திறக்காமலேயே பேரிங் மாற்றியதாக எனக்கு ரசீது தந்திருக்கிறார்கள்.

திறந்திருந்தது சம்ப் மட்டும். அதை மூடும்போது கசிவை அடைக்கும் சாம்பல் நிற சிலிக்கன் பசையை விரல் தடிமனுக்கு அப்பியிருக்கிறார்கள். வெளியே பிதுங்கியதைத் துடைத்தவர்கள், உள்ளே பிதுங்கியதை என்ன செய்ய முடியும்? அது காய்ந்து, துண்டு துண்டாக உதிர்ந்து, ஆயில் உறிஞ்சும் குழாயின் வாய்வலையில் போய் ஒட்டிக்கொண்டது. முதியவர் அந்த வலையை என் உள்ளங்கையில் வைத்தார். வேகவைத்த சேமியாவை அள்ளி அடைத்ததுபோல் இருந்தது, பாதிக்கு மேல் துளையே தெரியவில்லை. அதன் பின்னர் பிளாக்கைப் பிளந்தபோது நான்காவது சிலிண்டரின் பேரிங் செம்பு தெரியுமளவு தேய்ந்து, கிராங்கில் நகம் தடுக்கும் ஆழத்துக்குக் கோடு விழுந்திருந்தது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டும், ஆயில் கிடைக்காமல் விரலால் ஆட்டினாலே ஆடியது.

டைமிங் பெல்ட் புதிதுதான். உருளைகளும், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் பழையவை. ஒன்றைச் சுழற்றினால் மணல் அரைபடுவதுபோல் ஒலித்தது. அது இறுகிப் பெல்ட் அறுந்திருந்தால், இந்த இஞ்சினில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்திருக்கும்.

பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பேரிங் கைக்கு வராமல் புதிய பேரிங்குக்குப் பணம் கொடுக்காதீர்கள். பிளாக் இரண்டாகக் கிடக்கும்போது நேரில் சென்று பாருங்கள். இஞ்சின் லேத் கடையில் இருப்பதாகச் சொன்னால் அந்தக் கடைக்கே போங்கள். கிராங்கின் அளவுகளைத் தாளில் கேளுங்கள். முழுத் தொகையையும் முன்னதாகத் தராமல், ஹெட் கழன்றதும் ஒரு பகுதி, காருக்குள் இஞ்சின் ஏறியதும் ஒரு பகுதி என்று பிரித்துக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் முன், இன்றே ஒரு கைவிளக்கோடு குனிந்து உங்கள் பிளாக்கின் நடுக்கோட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த இரண்டு படங்கள் என்னிடம் இருந்திருந்தால் இவ்வளவு அலைந்திருக்க மாட்டேன்.

மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமல் நாமே பதியலாம். பதிந்துவிட்டேன். ரசீது, முதியவர் எழுதித் தந்த அறிக்கை, பேரிங், சிலிக்கன் ஒட்டிய வாய்வலை எல்லாம் ஒரு பெட்டியில் இருக்கின்றன. கார் ரவாங்கில் சக்கரமில்லாமல் நிற்கிறது. நல்ல கிராங்க் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.