ஏர் கூலரா, லிக்விட் கூலரா? தருமபுரி வெயிலில் ஓர் அலசல்

தருமபுரியில் கல்யாண வீடியோ எடிட்டிங்குக்காகக் கணினி வாங்குகிறவர்கள், கணினியின் மூளையான பிராசசரை முடிவு செய்த கையோடு என்னிடம் கேட்பது, அதன் சூட்டைத் தணிக்க ஏர் கூலர் போதுமா, லிக்விட் கூலர் வேண்டுமா என்பதுதான். இன்டெல் கோர் ஐ9-14900கே பிராசசர் 6 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அதன் உச்ச மின்நுகர்வு 253 வாட் என்பதையும், அது ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளியேறும் என்பதையும் கவனிப்பவர்கள் குறைவு. வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கிறது. மின்நுகர்வோ அழுத்தத்தின் இருபடிக்கு ஏற்ப ஏறுகிறது. ஆகவே கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான் இத்தனை சூடும்.

ஏர் கூலரின் செப்புக் குழாய்களுக்குள் இருக்கும் சிறிதளவு நீர், பிராசசரின் சூட்டில் ஆவியாகி, தகடுகள் உள்ள பகுதியில் குளிர்ந்து, உட்சுவரின் நுண்துளைகள் வழியே மறுபடி அடிப்பகுதிக்கு வந்து சேர்கிறது. இதில் ஓடித் தேய்வது விசிறி மட்டுமே. லிக்விட் கூலரிலோ ஒரு பம்ப் திரவத்தை, தகடுகளும் விசிறிகளும் கொண்ட ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. 360 மி.மீ. ரேடியேட்டரின் பரப்பு பெரிது என்பதால், எடிட் செய்த வீடியோவை முழுக் கோப்பாக மாற்றும் எக்ஸ்போர்ட் மணிக்கணக்கில் ஓடும்போது அதன் கை ஓங்கியிருப்பதை மறுக்க முடியாது.

ஆனால் தண்ணீர் என்றதும் குளிர்ச்சி என்று நம்பிவிடுகிறோம். மண்பானை நீர் குளிர்வது, பானையின் மேற்புறத்தில் கசிந்து காற்றில் ஆவியாவதால். மூடிய குழாய்க்குள் சுற்றும் திரவத்துக்கு அந்த வழி இல்லை. இரண்டு கூலர்களும் சூட்டை அறைக் காற்றில்தான் கொட்டுகின்றன. 26 டிகிரி அறையில் 80 டிகிரியில் நிற்கும் பிராசசர், அதே வேலையை மே மாதத்து 38 டிகிரி அறையில் செய்தால் 92-ஐ ஒட்டி நிற்கும். 100-ஐத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேட்டு நிலமான ஓசூரில் ஒத்துவரும் கணக்கு இங்கே ஒத்துவராதது இதனால்தான்.

அடுத்தது தூசி. போன வைகாசியில் ஒரு ஸ்டுடியோக் கணினியைத் திறந்தபோது, விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே படிந்திருந்த பழுப்புத் தூசி, விரலால் உரித்ததும் பாலாடைபோல ஒரே ஏடாக வந்தது. ஏர் கூலரில் இரண்டு கம்பிக் கொக்கிகளைத் தட்டிவிட்டு விசிறியைக் கழற்றிப் பிரஷ் போடலாம். ரேடியேட்டருக்கு அத்தனை திருகுகளையும் கழற்றியாக வேண்டும். பம்ப் நின்றுபோனால் சூடு நொடிகளில் உச்சத்துக்கு ஏறிவிடும். திரவத்தை நாமே ஊற்றும் தனிவகைக் கூலர்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: உப்பும் ஃபுளோரைடும் கலந்த நம்மூர் போர்த் தண்ணீரை அதில் ஊற்றவே கூடாது.

ஏசி அறையும் இடைவிடாத வேலையும் இருப்பவர் லிக்விட் வாங்கட்டும். மற்றவர்களுக்கு, இரட்டை விசிறி ஏர் கூலரைப் பொருத்தி, பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) பிராசசரின் மின்வரம்பை 180 வாட் அளவுக்கு இறக்குவதையே சொல்வேன். எக்ஸ்போர்ட் சற்றுத் தாமதமாகும், அவ்வளவே. இவ்வகைக் கூலர்கள் 165 மி.மீ. வரை உயரமானவை; கேபினெட்டின் உள் அகலத்தை அளந்துகொண்டே கடைக்குப் போக வேண்டும்.