மஞ்சள் பத்திரிகை: எந்த மஞ்சள்?

நம் ஊரில் பத்திரிகைக்கு மஞ்சள் தடவினால் அது கல்யாணப் பத்திரிகை. நாலு மூலையிலும் தொட்டு வைத்து, பெரியவர்கள் கையில் கொடுப்போம். அதையே ‘மஞ்சள் பத்திரிகை’ என்று சொல்லிவிட்டால், வீட்டுக்குள் கொண்டுவரக் கூசுகிற சமாச்சாரம். இந்த இரண்டாவது மஞ்சள் நம்முடையது இல்லை. 1897-இல் நியூயார்க்கில் கிளம்பியது. அங்கேயே அது எந்த மஞ்சள் என்பதில் இன்னும் வழக்கு ஓடுகிறது.

‘யெல்லோ ஜர்னலிசம்’, அதாவது மஞ்சள் இதழியல், என்று அச்சில் முதலில் போட்டவர் ‘நியூயார்க் பிரஸ்’ நாளிதழின் ஆசிரியர் எர்வின் வார்ட்மன். திட்டு வாங்கியவை அதே ஊரின் இரண்டு போட்டி நாளிதழ்கள்: ஜோசப் புலிட்சரின் ‘வேர்ல்ட்’, வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்டின் ‘ஜர்னல்’. ஏன் மஞ்சள் என்று வார்ட்மன் தெளிவாகச் சொல்லி வைக்கவில்லை. அப்புறம் என்ன, ஆளுக்கொரு விளக்கம்.

எல்லோரும் முதலில் சொல்வது மஞ்சள் சட்டைப் பையனை. ரிச்சர்ட் அவுட்கால்ட் ‘வேர்ல்ட்’ இதழில் வரைந்த சேரிப் பையன். பெயர் மிக்கி டுகன். பேனுக்குப் பயந்து மழித்தது போன்ற மொட்டைத் தலை, விடைத்த காது, கணுக்கால் வரை தொங்கும் மஞ்சள் அங்கி. அவன் பேசுவது வாயில் இல்லை, அந்த அங்கியிலேயே எழுதியிருக்கும். 1896 அக்டோபரில் அவுட்கால்டை ஹர்ஸ்ட் இழுத்துக்கொண்டார். புலிட்சர் விடுவாரா? ஜார்ஜ் லக்ஸை வைத்து அதே பையனைத் தொடர்ந்து வரைய வைத்தார். ஆக ஒரே ஊரில், ஒரே சமயத்தில், இரண்டு மஞ்சள் பையன்கள். அடுத்த சில மாதங்களில் அந்த வசைச்சொல் அச்சேறுகிறது. தேதிப் பொருத்தம் கச்சிதம்.

ஆனால் ஒரு கேலிச்சித்திரப் பையனின் சட்டை நிறம் எப்படி வசையாகும்? இங்கேதான் இரண்டாவது விளக்கம் கனக்கிறது. ஆங்கிலம் பேசும் உலகில் மஞ்சளுக்கு அதற்கு முன்பே கெட்ட பெயர். மலிவான பரபரப்புக் கதைகளும் பிரெஞ்சு நாவல்களும் மஞ்சள் அட்டையில் வந்தன. 1895-இல் ஆஸ்கர் வைல்டு கைதானபோது கையில் மஞ்சள் அட்டைப் புத்தகம் ஒன்று இருந்தது. அதை லண்டனில் வந்துகொண்டிருந்த ‘தி யெல்லோ புக்’ இதழ் என்று நினைத்த கூட்டம், அதன் பதிப்பாளர் அலுவலகத்தின் மேல் கல்லெறிந்தது. மஞ்சள் என்றால் ஒழுக்கக்கேடு என்று கேட்கப் பழகிய காதுகள் அவை.

மூன்றாவது, கோழைத்தனம். அமெரிக்கக் கொச்சையில் மஞ்சள் என்றால் பயந்தாங்கொள்ளி. வசையில் இதன் காரமும் சேர்ந்திருக்கலாம். ஆனால் 1898-இல் கியூபாவை முன்வைத்து ஸ்பெயினோடு போர் வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்திய ‘ஜர்னல்’ மேல் இது சரியாக ஒட்டவில்லை. மலிவுத் தாள் மஞ்சளாகிவிடும், அதனால் இந்தப் பெயர் என்பது நான்காவது. எல்லாச் செய்தித்தாளும்தான் மஞ்சளாகிறது, வார்ட்மனுடையது உட்பட. தள்ளிவிடலாம்.

என் தீர்ப்பு: நிறத்தைத் தந்தவன் பையன், நாற்றத்தைத் தந்தது அந்தப் பழைய அட்டை. இன்னொன்றும் உண்டு. ஹர்ஸ்டுக்கு அந்த நிறத்தில் கூச்சமே இல்லை. 1896-இலேயே ‘யெல்லோ ஃபெலோ’ என்ற பெயரில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரை சைக்கிள் தொடரோட்டம் நடத்தியது அவர் பத்திரிகை. வசை பரவிய பிறகு, வானத்துச் சூரியனும் மஞ்சள்தானே என்று தலையங்கமே எழுதியது.

அமெரிக்காவில் அந்தச் சொல் பெரிய தலைப்பு, ஊதிய செய்தி, கற்பனைப் பேட்டி இவற்றைக் குறித்தது. தமிழுக்கு வந்தபோது படுக்கையறைக் கிசுகிசு ஆகிவிட்டது. 1944-இல் சென்னையில் கொலையான பத்திரிகையாளர் லட்சுமிகாந்தனின் ‘இந்துநேசன்’ பெயரை எடுத்தாலே இந்த அடைமொழி கூட வரும். வேடிக்கை என்னவென்றால், வார்ட்மன் மஞ்சளைப் பிடிப்பதற்கு முன், அந்த இதழ்களின் பாணிக்கு அப்போது வழங்கிய ‘நியூ ஜர்னலிசம்’ (புதிய இதழியல்) என்ற பெயரைத் திரித்து ‘நியூட் ஜர்னலிசம்’, அதாவது அம்மண இதழியல், என்று சொல்லிப் பார்த்தார். அங்கே எடுபடவில்லை. நாம் மஞ்சளை வாங்கிக்கொண்டு, அவர் கைவிட்ட அந்த அர்த்தத்தில்தான் இன்றுவரை பயன்படுத்துகிறோம்.