ஹெட்லைட்டில் ‘ஆயிரம் லூமென்’ மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் கவனமாக இருங்கள்

குமரி மாவட்டத்தின் குலசேகரம், அருமனை, களியல் பக்கங்களில் விடியுமுன் ரப்பர் மரங்களில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். தலையில் கட்டும் எல்.இ.டி ஹெட்லைட்டைத் திறந்து, உள்ளே ஒளி தரும் சிப்பையும், அந்த ஒளியைக் குவிக்கும் கிண்ணமான ரிஃப்ளெக்டரையும் மாற்றி, “ஆயிரம் லூமென், இருநூறு மீட்டர் தூரம், ஒரு சார்ஜில் ஆறு மணி நேரம்” என்று சொல்லிப் பணம் வாங்கும் வேலை எங்கள் பகுதியில் நடந்துகொண்டிருக்கிறது. நான் இரண்டு விளக்குகளைக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஆயிரத்து நானூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒழுங்காக எரிந்துகொண்டிருந்த இரண்டையும் கெடுத்துத் திருப்பித் தந்தார்கள். அதோடு விட்டிருந்தால் பணம் போயிற்று என்று இருந்திருப்பேன். ஒரு விளக்கு நெற்றியில் இருக்கும்போதே செல் ஷார்ட் ஆகும் நிலையில் இருந்ததைப் பிறகு பார்த்ததால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

எங்களுடையது சிறிய ரப்பர் தோட்டம். நானும் என் மைத்துனரும்தான் வெட்டுகிறோம். காலைக் குளிரில் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும்போது பால் நன்றாக ஓடும் என்பதாலும், வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதாலும், இருட்டிலேயே தொடங்கி மூன்று நான்கு மணி நேரம் விளக்கை நம்பித்தான் வேலை. பட்டைக்கும் தடிக்கும் நடுவே இருக்கும் கேம்பியம் படலத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வெளியே கத்தி நிற்க வேண்டும். பால்குழாய்கள் அந்த உட்பட்டையில்தான் நெருக்கமாக இருக்கின்றன. ஆகவே மேலோடு வெட்டினால் பால் குறையும், ஆழ வெட்டினால் தடியில் காயம் பட்டு, அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பின்னால் மீண்டும் வெட்டவே முடியாமல் போகும். இதற்கு வேண்டியது கை எட்டும் தூரத்தில் பரவலாக, ஒரே சீராக விழும் வெளிச்சம். அடுத்த மரத்துக்கு நடக்கும்போது சருகுக்குள் பாம்பு கிடந்தால் தெரியும் அளவுக்குக் காலடியிலும் கொஞ்சம் வெளிச்சம். எங்கள் பழைய விளக்குகள் இதைச் செய்துகொண்டுதான் இருந்தன. இன்னும் சற்றுக் கூடுதல் வெளிச்சம் இருந்தால் கண் களைப்பு குறையுமே என்றுதான் கொடுத்தோம். அதில் தவறான ஆசை எதுவும் இல்லை. ஒழுங்காகச் செய்தால் நடக்கக்கூடிய மாற்றம்தான் அது.

கடையில் காட்டிய மாதிரி விளக்கு உண்மையிலேயே பளிச்சென்று இருந்தது. கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கி, எதிர்ச் சுவரில் முதலில் என் விளக்கை அடித்தார், பிறகு மாதிரியை அடித்தார். சுவரில் விழுந்த நடுப்புள்ளி வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறித்தது. இந்தச் சோதனையைத்தான் எல்லாக் கடையிலும் செய்கிறார்கள், இதில்தான் முழு ஏமாற்றும் அடங்கியிருக்கிறது. சுவரில் சில நொடிகள் அடித்துக் காட்டும்போது தெரிவது நடுப்புள்ளியின் செறிவு மட்டுமே. ரிஃப்ளெக்டரை ஆழமாக்கினால், மொத்த ஒளி ஒரு துளியும் கூடாமலேயே நடுப்புள்ளி கூர்மையாகிவிடும். லூமென் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளி. ஒரு திசையில் அது எவ்வளவு குவிகிறது என்பதைக் கேண்டெலாவில் அளக்கிறார்கள். கைவிளக்குகளுக்கான அமெரிக்கத் தர அளவீட்டில் ‘தூரம்’ என்று அச்சிடுவது கூட, வெளிச்சம் கால் லக்ஸ் அளவுக்கு, அதாவது முழுநிலவு நாளின் வெளிச்சம் அளவுக்கு, மங்கிப்போகும் இடத்தைத்தான். இருநூறு மீட்டருக்கு அப்பால் நிலா வெளிச்சம் கிடைத்து ரப்பர் வெட்டுகிறவருக்கு ஆகப்போவது என்ன?

முதல் நாள் தோட்டத்தில் கட்டியபோதே வேறுபாடு தெரிந்தது. மரத்தில் ஒரு சிறிய வட்டம் மட்டும் கொளுத்துகிறது. அதைச் சுற்றி வளையம் வளையமாக இருட்டும் வெளிச்சமும். வெட்டுக் கோட்டின் ஒரு முனையைப் பார்த்தால் மறுமுனை தெரியவில்லை, பால் வடியத் தொடங்கியதும் அந்த வெண்மை கண்ணில் திருப்பி அடித்தது. சற்று எட்டிய மரத்தில் அடித்தால் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. அரை மணி நேரம் கழிவதற்குள் வெளிச்சம் மங்கி நீலம் பாய்ந்தது. அந்த நீல வெளிச்சத்தில் பட்டையின் பச்சை, பழுப்பு, இளஞ்சிவப்பு எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தன; எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்பதை நாங்கள் அந்த நிற மாற்றத்தை வைத்துத்தான் கணிப்போம். அன்று மைத்துனரின் கத்தி சில மரங்களில் தடியைத் தொட்டது. அந்தப் பட்டையின் விலையை எந்தக் கடைக்காரரும் திருப்பித் தரப் போவதில்லை.

மார்த்தாண்டத்தில் செல்போன் பழுதுபார்க்கும் நண்பர் ஒருவரிடம் மைக்ரோஸ்கோப் இருப்பதால், இரண்டு விளக்குகளையும் அவருடைய மேசையில் வைத்துத் திறந்தோம். நான் பணம் கொடுத்தது கிரீ நிறுவனத்தின் எக்ஸ்எம்-எல்2 சிப்புக்கு. கடைக்காரர் தன் கையாலேயே துண்டுச்சீட்டில் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார். ஐந்துக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவும் மேலே ஒளி ஊடுருவும் குமிழும் பார்வைக்கு அப்படியே இருந்தன. அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் நண்பர் வாங்கி வைத்திருந்த அசல் சிப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, உள்ளே ஒளிரும் சதுரம் சிறியதாகவும், அதன் மேல் ஓடும் மெல்லிய கம்பிகள் வேறு இடங்களிலும் இருந்தன. இப்படி அசலைப் போல உருவம் கொடுத்து விற்கப்படும் சிப்புகள் இணையச் சந்தைகளில் மிக மலிவாகக் கிடைக்கின்றன. அதே மின்னோட்டத்தில் அவை குறைவான ஒளியையும் கூடுதலான சூட்டையும் தருகின்றன.

சிப் போலி என்பதை விட மோசமானது அதை ஒட்டியிருந்த விதம். எல்.இ.டி-க்குள் போகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூடாகத்தான் மாறுகிறது. அந்தச் சூடு சிப்பின் அடியிலிருந்து சிறிய உலோகத் தட்டுக்கும், தட்டிலிருந்து அலுமினிய உடலுக்கும் இறங்கியாக வேண்டும். அதனால்தான் நடுவில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் தடவி, தட்டை உடலோடு அழுந்தப் பொருத்துவார்கள். எங்கள் விளக்குகளில் தட்டின் அடியில் இருந்தது, கைவினைப் பொருள்கள் ஒட்டும் துப்பாக்கிப் பசை. சூடு ஏறியதும் பசை இளகி, தட்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வெளிச்சம் மங்கியதும் நீலம் பாய்ந்ததும் ஏன் என்பது அங்கேயே விளங்கியது: சூடு அளவு மீறினால் நீல ஒளியை வெள்ளையாக்கும் மஞ்சள் பாஸ்பர் பூச்சு தன் வேலையைச் சரியாகச் செய்வதில்லை.

மின்னோட்டத்தை மல்டிமீட்டரில் அளந்தோம். ஒரு ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. அதாவது சிப்புக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் போர்டைத் தொடவே இல்லை. பழைய சிப்புக்கு என்ன போய்க்கொண்டிருந்ததோ அதுவேதான் புதியதற்கும் போகிறது. அசல் எக்ஸ்எம்-எல்2 ஆயிரம் லூமெனை எட்ட ஏறத்தாழ மூன்று ஆம்பியர் வேண்டும். நல்ல தரப்பிரிவான யு2-வுக்குத் தயாரிப்பாளர் உறுதி சொல்வது, 700 மில்லி ஆம்பியரில் குறைந்தது 300 லூமென். ஆக, அசலையே போட்டிருந்தாலும் இந்த டிரைவரில் நானூறைத் தாண்டியிருக்காது. ‘ஆறு மணி நேரம்’ என்பதற்கும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 3000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள ஒரு செல்லை மூன்று ஆம்பியரில் ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆறு மணி நேரம் ஓட வேண்டுமென்றால், ஒற்றைச் செல் விளக்கில் இருநூறு லூமெனை ஒட்டித்தான் கிடைக்கும். ஆயிரமும் ஆறும் ஒரே விளக்கில் சேரவே சேராது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறவருக்கு ஒன்று விவரம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று அவர் நினைக்கிறார்.

ரிஃப்ளெக்டர் விஷயத்தில் இரண்டு தவறுகள். முதலாவது, வழவழப்பான ஆழமான கிண்ணத்தைப் போட்டது. எங்கள் வேலைக்கு வேண்டியது ஆரஞ்சுத் தோல் போலப் பொரிப்பொரியாக இருக்கும், ஒளியைக் கலந்து பரப்பும் வகை. இரண்டாவது, சிப் அந்தக் கிண்ணத்தின் குவிமையத்தில் உட்காரவே இல்லை. சிப் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தாலோ உயர்ந்தாலோ ஒளி வளையமாகச் சிதறி நடுவில் கறுப்புப் பொட்டு விழும். சிப்பைச் சுற்றிப் போட வேண்டிய பிளாஸ்டிக் வளையம்தான் அந்த உயரத்தையும் நடுநிலையையும் பிடித்துத் தருகிறது. இரண்டு விளக்குகளிலும் அந்த வளையம் இல்லை.

அந்த வளையத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. பழைய ரிஃப்ளெக்டர் பிளாஸ்டிக்கால் ஆனது. புதியது அலுமினியம், மின்சாரம் கடத்தும். சிப்பின் இரு பக்கமும் இருக்கும் சால்டர் மேடுகளில் ரிஃப்ளெக்டரின் அடி விளிம்பு படாமல் காப்பது அந்த வளையம்தான். மைத்துனரின் விளக்கில் விளிம்பின் ஓரிடத்தில் மிளகு அளவுக்குப் பழுப்பாகக் கருகிய தடமும், நேர் கீழே நேர்முனைச் சால்டர் உருகி வழிந்த அடையாளமும் இருந்தன. நேர்முனைக் கம்பி செல்லிலிருந்து நேரே சிப்புக்கு வருகிறது; ரிஃப்ளெக்டர் விளக்கின் உடலைத் தொடுகிறது, உடல் எதிர்முனை. இரண்டும் முழுமையாகத் தொட்டால் நடுவில் டிரைவர் கூட இல்லாமல் லித்தியம் செல் ஷார்ட் ஆகும். விளக்கு இடையிடையே விட்டு விட்டு எரிந்ததை நாங்கள் சுவிட்ச் கோளாறு என்றுதான் எண்ணியிருந்தோம். அந்த விளக்கில் செல் பெட்டி தலையின் பின்புறம் இருக்கிறது.

செல்லிலும் கை வைத்திருந்தார்கள். “பெரிய செல் இலவசம்” என்று சொல்லி, 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்ட செல்களைப் போட்டுக் கொடுத்து, எங்கள் பழைய செல்களை எடுத்துக்கொண்டார்கள். 18650 என்ற அந்த அளவுக்குள், பெயர் பெற்ற தயாரிப்பாளர்களின் செல்களிலேயே 3500தான் பொதுவாகக் கிடைக்கும் உச்சம். 9900 என்று எழுதியிருந்தால் அந்த எண்ணே அது போலி என்பதற்குச் சான்று. நகைக்கடை வைத்திருக்கும் உறவினரின் தராசில் வைத்தோம். நல்ல செல் நாற்பத்தைந்து கிராமுக்குக் குறையாது. இவை முப்பதைச் சற்றுத் தாண்டின. பாதுகாப்புச் சுற்று இல்லாத இப்படிப்பட்ட செல்லையும், ஷார்ட் ஆகத் துடிக்கும் ரிஃப்ளெக்டரையும் ஒரே விளக்கில் சேர்த்து ஒரு மனிதனின் தலையில் கட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது இப்போதும் கோபம் அடங்கவில்லை.

கடைக்குப் போய்க் கேட்டபோது கடைக்காரரின் முதல் வார்த்தை, “சீனாச் சாமானுக்கு யாருண்ணே கியாரண்டி குடுப்பாவ?” என்பது. பிறகு, மழையில் நனைத்திருப்பீர்கள் என்றார். கண்ணாடியின் உள்ளே ஈரம் இருந்தது உண்மைதான். ஏனென்றால் முன்வளையத்துக்குள் இருந்த ரப்பர் ஓ-ரிங்கைத் திரும்பப் போடாமல் மூடியிருந்தார்கள். பழைய சிப், பழைய ரிஃப்ளெக்டர், செல்கள் ஆகியவற்றையாவது கொடுங்கள், பழையபடி பொருத்திக்கொள்கிறோம் என்று கேட்டோம். குப்பையில் போட்டாயிற்று என்று பதில் வந்தது. நல்ல செல்களை யாரும் குப்பையில் போடுவதில்லை என்று எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. முறையான பில் தரவில்லை என்றாலும், சிப்பின் பெயர் எழுதிய துண்டுச்சீட்டும், கைபேசி வழியாகப் பணம் செலுத்திய பதிவும், திறந்த நிலையில் எடுத்த படங்களும் என்னிடம் இருக்கின்றன. பணம் கொடுக்கும்போது பில் கேட்டால் “பில் போட்டால் வரி சேரும்” என்று சொல்லும் கடையில், எழுதி வாங்கும் எந்தத் துண்டுக் காகிதத்தையும் எறியாதீர்கள்.

இந்த மாற்றத்தை ஒழுங்காகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தக் கோபம் உரியதல்ல. அப்படிப்பட்டவர் முதலில் உங்கள் வேலை என்ன என்று கேட்பார். வெளிச்சம் தூரத்துக்கு வேண்டுமா, அருகில் வேண்டுமா என்று கேட்பார். மதுரைப் பக்கம் இரவில் மல்லிகை பறிப்பவர்களும் இதே ஹெட்லைட்டைத்தான் கட்டுகிறார்கள், அவர்களுக்கும் வேண்டியது கையருகே விழும் வெளிச்சமே. ஐயாயிரம் கெல்வினுக்குள் நிறமுள்ள, அதாவது நீலம் பாயாத, நிறங்களைச் சரியாகக் காட்டும் சிப்பைச் செப்புத் தட்டில் சால்டர் செய்து, டிரைவரையும் அதற்கேற்ப மாற்றி, கழற்றிய பழைய பொருள்களை ஒரு கவரில் போட்டு உங்கள் கையில் தருவார். விளக்கை அரை மணி நேரம் தொடர்ந்து எரிய விட்டுக் காட்டச் சொன்னால் தயங்க மாட்டார். என் நண்பர் இப்போது ஒரு விளக்கை அப்படித்தான் திருத்தித் தந்திருக்கிறார். நூற்றைம்பது லூமென் அளவில்தான் வைத்திருக்கிறோம், நான்கு மணி நேரமும் மங்காமல் எரிகிறது. இன்னொன்றின் டிரைவர் கருகிவிட்டதால் அது தேறவில்லை.

ஏற்கெனவே இப்படி மாற்றி வாங்கியவர்கள் இன்று இரவு சார்ஜில் போடுவதற்கு முன் செல்லை வெளியே எடுத்துவிட்டு, முன்வளையத்தைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். ரிஃப்ளெக்டரின் அடியில் பிளாஸ்டிக் வளையம் இல்லையென்றாலோ, விளிம்பில் பழுப்புத் தடம் இருந்தாலோ, அந்த விளக்கைத் தலையில் கட்ட வேண்டாம். 9900 என்று எழுதிய செல்லை வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் செய்யவும் வேண்டாம். துண்டுச்சீட்டு வைத்திருப்பவர்கள் எனக்குத் தெரிவித்தால், புகாரோடு சேர்த்துக் கொடுக்க உதவியாக இருக்கும்.