வேலைவாய்ப்பு அலுவலக மாடியில் ஒரு கணக்கு வகுப்பு

அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு எழுதப்போகும் பெண் ஒருத்தி போன வாரம் பேருந்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க எந்த கோச்சிங்ல சேர்ந்து படிச்சீங்க?" நான் இறங்கும் நிறுத்தம் வந்துவிட்டதால் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை அவளுக்கும் அவளைப் போன்றவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது தன்னார்வ பயிலும் வட்டத்தில். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்களில் அரசே நடத்தும் இலவசப் பயிற்சி அது. பதிவைப் புதுப்பிக்க அந்த அலுவலகத்துக்குப் போய் வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு மாடியில் வகுப்பு நடப்பது தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. தெரிந்திருந்தால் 2022லேயே போயிருப்பேன்.

2022 ஜூலை 24 அன்று முதல் தடவை எழுதினேன். நான் பி.ஏ. தமிழ். பொதுத்தமிழ் 100 கேள்வி என்றதும் பாதிக் கிணறு தாண்டிவிட்ட நினைப்பு. விடைக்குறிப்பு வந்ததும் சரிபார்த்தால், திறனறிவுப் பகுதியில், அதாவது கணக்கில், 25க்கு 11தான் சரி. கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். பதினான்கு கேள்வி போனால் 21 மதிப்பெண் போச்சு. ஒரே கேள்வி வித்தியாசத்தில் ஆயிரக்கணக்கான பேர் முன்னும் பின்னும் நிற்கும் தேர்வில் அது பெரிய பள்ளம்.

அப்புறம் ஒரு தனியார் மையத்தில் சேர்ந்தேன். தோட்டை அடகு வைத்து 12,000 ரூபாய் கட்டினேன். கணக்கு வகுப்பில் சூத்திரத்தைச் சொல்லி எழுதச் சொல்வார்கள். ஏன் இப்படி வருகிறது என்று கேட்டால், "அதெல்லாம் வேண்டாம், அப்படியே மனப்பாடம் பண்ணுங்க" என்பார்கள். நான் பத்தாம் வகுப்போடு கணக்கைத் தொடாதவள். மனப்பாடம் செய்த நாற்பது சூத்திரங்களில் எந்தக் கணக்குக்கு எதைப் போடுவது என்று தெரியாமல் இரண்டு மாதம் போனது. நின்றுவிட்டேன். பணம் திரும்பி வரவில்லை.

வட்டத்தில் சேர ஆதார் நகலும் இரண்டு புகைப்படமும்தான் கேட்டார்கள். கட்டணம் கிடையாது. திங்கள் முதல் வெள்ளி வரை காலை பத்தரையிலிருந்து ஒரு மணி வரை வகுப்பு, சனிக்கிழமை மாதிரித் தேர்வு. பையனைப் பால்வாடியில் விட்டுவிட்டு 9.10 டவுன் பஸ்ஸைப் பிடித்தால் சரியாக இருக்கும். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து என்பதால் போக வரச் செலவும் இல்லை. வீட்டில் யாரிடமும் காசு கேட்காமல் எட்டு மாதம் படித்தேன் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் மனம் நிறைகிறது.

கணக்கு எடுத்தவர் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர். காலமும் வேலையும் பாடம் நடத்திய நாளை மட்டும் சொல்கிறேன். பலகையில் கணக்கை எழுதினார்: ஒரு வேலையை ஒருவர் 12 நாளில் முடிப்பார், இன்னொருவர் 15 நாளில் முடிப்பார், இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்? நான் பின்னத்தைக் கண்டாலே பேனாவை மூடி வைப்பவள். அவர் பின்னமே போடவில்லை. "ஏம்மா, உங்க ஊர்ல களை எடுக்கப் போவாங்கல்ல? கொல்லையில மொத்தம் 60 பாத்தின்னு வச்சுக்க" என்றார்.

"ஏன் சார் 60?"

"12ம் 15ம் ரெண்டுமே மீதியில்லாம வகுக்குற சின்ன எண் அதுதானே. மீச்சிறு பொது மடங்கு. இப்பச் சொல்லு, 12 நாள்ல முடிக்கிறவ ஒரு நாளைக்கு எத்தனை பாத்தி எடுப்பா?"

"அஞ்சு சார்."

"15 நாள்ல முடிக்கிறவ?"

"நாலு."

"சேர்ந்து எடுத்தா ஒன்பது. ஆறு நாள்ல 54 பாத்தி முடிஞ்சது. மிச்சம் ஆறு. ஒன்பதுல ஆறு, அதாவது மூணுல ரெண்டு பங்கு நாள். ஆறே மூணுல ரெண்டு நாள். எழுதிக்க."

அன்றைக்கு வீட்டுக்குப் போய், பழைய வினாத்தாள்களிலிருந்த வேலைக் கணக்கையெல்லாம் பாத்திக் கணக்காக மாற்றிப் போட்டுப் பார்த்தேன். தொட்டித் தண்ணீர்க் கணக்கும் அதே வழியில் வந்தது. வெளியேற்றும் குழாய் என்றால் பாத்தியைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். தேர்வில் இதற்குக் கேட்பது ஒன்றோ இரண்டோ கேள்விதான். ஆனால் கணக்கு எனக்கும் வரும் என்ற தைரியம் அங்கேதான் வந்தது.

கூட்டுவட்டியையும் மகளிர் குழுக் கடனை வைத்தே சொல்லிக்கொடுத்தார். 8,000 ரூபாய்க்கு 5 விழுக்காட்டில் இரண்டு வருடம் என்றால் தனிவட்டி 800. கூட்டுவட்டியில் முதல் வருட வட்டியான 400க்கும் இரண்டாம் வருடம் வட்டி ஏறும். அது 20. வித்தியாசமும் அந்த 20தான். தனியார் மையத்தில் நான் மனப்பாடம் செய்த சூத்திரத்துக்குள் இருந்தது இவ்வளவுதானா என்றிருந்தது.

இன்னொன்று, இந்த 25 கேள்விக்கு அவர் கையில் எடுத்தவை ஆறு முதல் பத்து வரையிலான அரசுப் பாடநூல்களும் பழைய வினாத்தாள்களும் மட்டும்தான். விழுக்காடு, விகிதம், மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு, பரப்பளவு, கொள்ளளவு எல்லாம் அந்தப் பாடநூல்களிலேயே இருக்கின்றன. தருக்கக் காரணவியல், பகடை, எண் வரிசை ஆகியவற்றுக்குப் பழைய வினாத்தாளே போதும் என்பார். பகடைக்கு ஒரு சோப்புப் பெட்டியை வெட்டிக் கனசதுரமாக ஒட்டி எங்கள் கையில் கொடுத்தார். எந்தப் பக்கத்துக்கு எது எதிர்ப்பக்கம் என்பதை விரலால் தொட்டுப் பார்த்தபின் அது எனக்கு மறக்கவே இல்லை.

சனிக்கிழமைத் தேர்வைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 200 கேள்வி, மூன்று மணி நேரம், கறுப்பு மைப் பந்துமுனைப் பேனா, உண்மையான தேர்வில் இருப்பது போன்ற, விடைக்கான வட்டத்தை நிரப்பும் ஓ.எம்.ஆர். தாள். விடை தெரியவில்லை என்பதற்கான ஐந்தாவது வட்டம் வரைக்கும் அப்படியே இருக்கும். முதல் தேர்வில் கணக்கைக் கடைசிக்கு வைத்து ஒன்பது கேள்வியைத் தொடாமலே விட்டேன். அடுத்த வாரத்திலிருந்து வரிசையை மாற்றிக்கொண்டேன்: தமிழ் 50 நிமிடம், உடனே கணக்கு 45 நிமிடம், மீதி பொது அறிவுக்கு. இது எனக்குச் சரியாக வந்தது. உங்களுக்கு எது சரி என்று பார்க்க நாலைந்து சனிக்கிழமை வேண்டும்.

குறையும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் படித்த வட்டத்தில் சாதாரண நாளில் அறுபது பேர் வருவார்கள். 2024 ஜனவரி 30 அன்று 6,244 இடங்களுக்கு அறிவிக்கை வந்ததும் கூட்டம் மூன்று மடங்காகி, பிந்தி வந்தவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். அறிவியல் பாடம் முடியவே இல்லை. எடுக்க வந்தவர் இடையில் நின்றதும் மாற்று ஆள் கிடைக்க ஒரு மாதம் ஆனது. தமிழும் நீங்களே படித்துக்கொண்டால்தான் உண்டு. தமிழில் 150க்கு 60 வாங்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள் என்பதை மறந்துவிட்டுக் கணக்கிலேயே மூழ்கிய தோழி ஒருத்தியும் எங்களோடு இருந்தாள். வட்டத்து நூலகத்தில் பாடநூல் எல்லாம் ஒவ்வொரு பிரதிதான். ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்துக்கு எப்போதும் ஆள் காத்திருக்கும்.

ஆனால் அங்கே கிடைத்த ஒரு தகவலுக்காகவே நான் கடமைப்பட்டிருக்கிறேன். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழில் படித்ததாகச் சான்றிதழ் வேண்டும். தேர்வு முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். வட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த அம்மா, "பள்ளிக்கூடத்துல பழைய பதிவேட்டைத் தேட நாளாகும், இப்பவே போய் எழுதிக் கொடுத்துட்டு வாம்மா" என்று விரட்டினார். ஊர்த் தொடக்கப்பள்ளியில் ஒரு சான்றிதழ், உயர்நிலைப் பள்ளியில் ஒன்று. இரண்டும் கைக்கு வர ஐந்து வாரம் ஆனது.

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை எழுதினேன். கணக்கில் 25க்கு 23 சரி. அக்டோபர் 28 அன்று முடிவு வந்தது. சான்றிதழ்களைப் பதிவேற்றி, சென்னையில் கலந்தாய்வுக்குப் போய், இளநிலை உதவியாளர் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். தோட்டை இரண்டாவது சம்பளத்தில் மீட்டாயிற்று.

தினமும் வர முடிகிறவர்கள், முக்கியமாகக் கணக்கை விட்டு வெகுநாள் ஆனவர்கள், யோசிக்காமல் உங்கள் மாவட்டத்து வட்டத்தில் சேருங்கள். அறிவிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆறு மாதம் முன்னால் போனால் உட்கார இடமும் இருக்கும், சந்தேகம் கேட்க ஆசிரியருக்கு நேரமும் இருக்கும். வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பவர்களுக்கு வார நாள் வகுப்பு ஒத்துவராது. சனிக்கிழமைத் தேர்வுக்கு மட்டுமாவது வர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், எங்கள் இடத்தில் விட்டார்கள்.

என் கணக்கு நோட்டை நூலகத்திலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பழுப்பு அட்டை போட்டது, ஜன்னல் பக்கத்து அலமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கும். கேட்டால் நகலெடுக்கத் தருவார்கள். எங்கள் வட்டத்துக்கே போகிறவர்கள் கவனிக்க: நாற்பதாம் பக்கத்தில் இரண்டாவது பகடைக் கணக்குக்கு விடை 4 என்று எழுதியிருப்பேன், அது 5. பேனாவால் திருத்திவிடுங்கள்.