மருந்தை நிறுத்தத் தெரிந்த ஐசியூ: நாலு ஸ்டார்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூ பற்றிய விமர்சனம் இது, பெயர் வேண்டாம். பார்க்கிங், கேன்டீன் எல்லாம் சுமார்தான், அதை விடுங்கள். அப்பாவுக்கு நிமோனியா முற்றி வென்டிலேட்டர் வரை போய்விட்டது, அங்கே ஆன்டிபயாட்டிக்கைக் கையாண்ட விதத்துக்குத்தான் இந்த நாலு ஸ்டாரும்.

முதல் டோஸ் ஏற்றும் முன்பே ரத்தமும் சளியும் கல்ச்சருக்கு, அதாவது எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் டெஸ்ட்டுக்கு, எடுத்துவிட்டார்கள். முழு ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை சும்மா இருக்க முடியாது என்று, பலவகைக் கிருமிகளையும் அடிக்கும் பெரிய ஆன்டிபயாட்டிக்கான மெரோபெனம் ஆரம்பித்தார்கள். சரி, இது பல இடங்களில் நடப்பதுதான். கல்ச்சரில் வந்த கிருமி அதைவிடச் சாதாரண ஆன்டிபயாட்டிக்கான செஃப்ட்ரியாக்சோனுக்கே அடங்கும் என்று தெரிந்ததும் மெரோபெனத்தை நிறுத்தி அதற்கு மாற்றினார்கள் பாருங்கள், அங்கேதான் மரியாதை வந்தது. "பெரிய ஊசியை நிறுத்திட்டு விலை கம்மியானதைப் போடுறீங்களே" என்று சித்தப்பா சண்டைக்கே போய்விட்டார். தேவையில்லாமல் மெரோபெனத்தை ஓட்டினால் அதற்கு அடங்காத கிருமிதான் உடம்பில் மிஞ்சும், நாளைக்கு அது நுரையீரலிலோ ரத்தத்திலோ கிளம்பினால் கொலிஸ்டின் மாதிரி சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்துக்குப் போக வேண்டிவரும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சும்மா பயமுறுத்தவில்லை. மெரோபெனம் வகை மருந்துகளையே உடைத்துப்போடும் என்டிஎம்-1 என்ற கிருமி என்சைம் பற்றி 2010-ல் வந்து பரபரப்பான ஆய்வில் சென்னையில் எடுத்த கிருமிகளும் இருந்தன.

வேறு மருத்துவமனையிலிருந்து அப்படி மெரோபெனத்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவோடு வந்த ஒருவரைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். அவருக்கென்றே தனி ஸ்டெதஸ்கோப், உள்ளே போனால் கவுன், கிளவுஸ், வெளியே வந்ததும் கழற்றிப் போட்டுவிட்டுக் கை கழுவல். புதுத் தொற்று வராமலிருக்க அப்பாவுக்குக் கட்டிலின் தலைப்பக்கம் எப்போதும் உயர்த்தியே இருக்கும், யூரின் டியூப் இன்னும் வேண்டுமா என்று தினமும் ரவுண்ட்ஸில் கேட்பார்கள். கோர்ஸ் முடிந்ததும் "எதற்கும் இருக்கட்டும்" என்று இழுக்காமல் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தியும்விட்டார்கள்.

ஒரு ஸ்டார் ஏன் குறைத்தேன்? புரோகால்சிட்டோனின் என்ற ரத்த டெஸ்ட் பில்லில் திரும்பத் திரும்ப வருகிறது, எதற்கு என்று நாமாகக் கேட்டால்தான் சொல்கிறார்கள். மருந்தை எப்போது நிறுத்தலாம் என்று முடிவெடுக்க அது உதவுமாம், நல்லது, முதலிலேயே சொல்லலாமே. அதைவிட எரிச்சல், இவ்வளவு கவனமான இடத்தில் விசிட்டர் நுழையும் கதவருகே ஹேண்ட் ரப் பாட்டில் பாதி நேரம் காலி. கேட்டால், "ஸ்டோருக்கு எழுதிப் போட்டிருக்கோம் சார்."